லயத்தில் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ வாசித்தோம். அந்தக் கதையில் சண்டை எங்கே நடக்கிறது?

லயத்துப்பிள்ளை

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன் நான். எர்ணாகுளத்தில் ஒரு வேலையை விட்டு அடுத்ததில் சேர்வதற்கு நடுவே ஒரு மாதம் கிடைத்தது, ஊருக்கு வந்துவிட்டேன். ஜூன் மாதம். எங்கள் பக்கம் ஜூன் என்றால் மழை, மழை என்றால் கரண்ட் இருக்காது. டிவி ஓடாத ராத்திரிகளில் அக்கம்பக்கத்து அக்காக்களும் சித்திகளும் எங்கள் அடுப்படிக்கு வந்துவிடுவார்கள். நான் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ படித்துக்கொண்டிருந்தேன். “மனசுக்குள்ளயே படிச்சா எங்களுக்கு எப்படிய்யா கேக்கும்?” என்றார் அம்மாவின் கூட்டாளி ஒருவர். அன்றைக்கு ஆரம்பித்தது. ஒரு பத்தியைப் படித்துவிட்டு நம்ம பேச்சில் சொல்வேன். மொத்தம் 27 அத்தியாயம், ராத்திரிக்கு ஒன்று.

படிக்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பானெம் என்று ஒரு நாடு. கேப்பிடல் என்ற தலைநகரம், அதற்கு உழைத்துப் போட 12 மாவட்டங்கள். ஒரு மாவட்டத்துக்காரர் இன்னொரு மாவட்டத்தைப் பார்த்ததுகூடக் கிடையாது. என்றைக்கோ எதிர்த்து நின்றதற்குத் தண்டனையாக, வருஷா வருஷம் மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் என்று 24 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்து ஒரு களத்தில் விடுவார்கள். ஒருவர் மட்டும் உயிரோடு மிஞ்சும்வரை கொன்றுகொள்ள வேண்டும். அதை எல்லா ஊரும் டிவியில் பார்த்தாக வேண்டும். காட்னிஸ் பன்னிரண்டாம் மாவட்டத்துப் பெண், வயது 16. நிலக்கரி வெட்டுகிற ஊர். அப்பா சுரங்க வெடியில் போய்விட்டார்.

முதல் அத்தியாயத்திலேயே எங்கள் அடுப்படி ஒரு இடத்தில் நின்றுவிட்டது. டெஸ்ஸரா என்று ஒன்று வருகிறது. பன்னிரண்டு வயதில் சீட்டுப் பானையில் உன் பேர் ஒரு தடவை விழும். வயது ஏற ஏற ஒவ்வொன்றாகக் கூடும். வீட்டில் சோறில்லை என்றால் பேரை இன்னொரு தடவை எழுதிக் கொடுக்கலாம். அதற்குப் பதிலாக ஒருவருக்கு ஒரு வருஷத்துக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் தருவார்கள். அம்மாவுக்கு, தங்கைக்கு, தனக்கு என்று மூன்றும் வாங்குகிறாள் காட்னிஸ். ஒரு வருஷம் எழுதிக் கொடுத்த பேர் அழியாது, அடுத்த வருஷத்தோடு சேர்ந்துகொள்ளும்.

அம்மா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கொழுந்து நிறுவைக்குக் கணக்குப் பார்க்கிற மாதிரி விரல் விட்டு எண்ணினார். “வருசத்துக்கு நாலு. பன்னெண்டுல இருந்து பதினாறு, அஞ்சு வருசம். இருவது பேரு.” புத்தகத்திலும் அதே 20தான் இருக்கிறது. அப்புறம் அவளுடைய நண்பன் கேல், 18 வயது, வீட்டில் ஐந்து உருப்படி. “வருசத்துக்கு ஆறு, ஏழு வருசம், நாப்பத்திரண்டு.” அதுவும் சரி. நான் முதல் தடவை படித்தபோது இந்தக் கணக்கைத் தாண்டிப் போயிருந்தேன். ஆயுசு முழுக்க மஸ்டர் என்கிற வருகைப் பதிவேட்டில் பேர் போட்டுக் கூலி வாங்கிய அம்மாவுக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

இணையத்தில் இந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதுகிற பெரும்பாலானவர்கள், ‘ஏழைப் பெண் களத்தில் இறங்கி அரசாங்கத்தையே ஆட்டிவைத்த கதை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. களத்துக்குப் போவதற்கு முன்னாலேயே, பசிக்காகப் பேரை எழுதிக் கொடுக்கிற மேஜையில் சண்டை நடந்து முடிந்துவிடுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

போடிமெட்டு

தம்பி, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் பக்கத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் ஏலக்காட்டுக்குப் போகிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். வண்டி கொள்ளாத ஆட்களோடு மெட்டு ஏறும். போனால்தான் சம்பளம் என்பது அவர்களுக்குத் தெரியும், வளைவில் என்ன நடக்கலாம் என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்துதான் ஏறுகிறார்கள். அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னால், அந்தப் பெண்கள் காட்டுக்குள் காட்டுகிற கெட்டிக்காரத்தனத்துக்குக் கணக்கே இல்லாமல் போகும்.

காட்னிஸும் அப்படித்தான். அவள் ஒன்றும் தெரியாத அப்பாவி இல்லை. அப்பா வில்வித்தை சொல்லிக் கொடுத்திருக்கிறார். வேலிக்கு அடியில் நுழைந்து காட்டுக்குள் போய் வேட்டையாடி வீட்டைக் காப்பாற்றியவள். களத்துக்கு முன்னால் போடும் மதிப்பெண்ணில் 12க்கு 11 வாங்குகிறாள். சின்ன வயசிலிருந்தே பயிற்சி எடுத்து வந்த பணக்கார மாவட்டத்துப் பிள்ளைகள்கூட அவ்வளவு வாங்கவில்லை. ஆகையால் அவளை ‘எளியவள்’ என்று சொல்லுவதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. உண்மையில் எளியவள் ரூ என்ற சின்னப் பெண்தான். பதினோராம் மாவட்டம், பன்னிரண்டு வயது, மதிப்பெண் 7. மரத்துக்கு மரம் தாவத் தெரியும், அவ்வளவுதான் அவள் ஆயுதம்.

கொழிஞ்சாம்பாறை

இரண்டு பேருக்கும் வணக்கம். எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கோ அமெரிக்காவில் 2008இல் வந்த கதை. அதில் பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்கிறார்கள். அதை லயத்தோடு வைத்துப் பேசும்போது, நம் மக்கள் வெறும் பரிதாபத்துக்குரியவர்கள் என்ற படம் வந்துவிடாதா? எங்கள் பாலக்காடு சித்தூர்ப் பக்கத்திலும் தமிழ்க் குடும்பங்கள் வயலிலும் செங்கல் சூளையிலும் பாடுபட்டுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அவர்களை ஒரு விளையாட்டின் பலி என்று நான் சொல்ல மாட்டேன். நாவலை நாவலாகப் பார்க்கலாமே.

லயத்துப்பிள்ளை

அண்ணா, கோபமே இல்லை. நீங்கள் கேட்டது நியாயம். நானும் அப்படித்தான் பார்க்கலாம் என்று இருந்தேன். ஏன் முடியவில்லை என்று சொல்கிறேன்.

எங்களுக்கு வீடு எஸ்டேட் கொடுத்தது. அப்போதிருந்த 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வேலை செய்கிறவருக்கு வீடு தர வேண்டியிருந்தது. சரி, வேலை முடிந்தால்? அம்மாவுக்கு ஓய்வு வந்தபோது இரண்டே வழி. வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டிலிருந்து ஒரு ஆள் வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். கீழே எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பா இல்லை. நான் அப்போது கொச்சியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் லீவுக்கு வந்தபோது அவள் இடுப்பில் படங்குத் துணி கட்டிக்கொண்டு, கொழுந்து வெட்டுகிற கத்தரியைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தாள்.

கதையில் தங்கை ப்ரிமுக்குப் பன்னிரண்டு வயது. ஆயிரக்கணக்கான சீட்டு நடுவே அவள் பேர் ஒரே ஒரு சீட்டில்தான் இருக்கிறது. அது வந்துவிடுகிறது. காட்னிஸ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய், அவளுக்குப் பதில் நான் போகிறேன் என்கிறாள். இந்த இடத்தை நான் தமிழில் சொல்லி முடித்ததும் தங்கச்சி எழுந்து, குடம் நிறைய இருந்தும் தண்ணீர் பிடிக்க வெளியே போனாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் வரவில்லை.

எங்கள் வீட்டில் அக்கா இடத்தில் இருந்தவன் நான். போனவள் தங்கை.

பரிதாபம் என்று யாரும் எங்களைப் பார்க்க வேண்டாம் அண்ணா. அந்த மேஜையை மட்டும் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை

புரிகிறது தம்பி. என் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தங்கச்சி நன்றாக இருக்கட்டும்.

மறையூர் டீச்சர்

இந்த இழையை நேற்று ராத்திரி முழுக்கப் படித்தேன். நான் தமிழ் மீடியம் வகுப்பெடுக்கிறவள். என் பிள்ளைகள் பாதிப்பேர் லயத்திலிருந்து வருகிறவர்கள், அதனால் என் பங்குக்குச் சிலது சொல்ல வேண்டும்.

டெஸ்ஸராவைப் பற்றிப் பேசும்போது கேல் சொல்வதை விட்டுவிடக் கூடாது. மேயர் மகள் மாட்ஜ் வெள்ளைச் சட்டையில் நிற்கிறாள். அவள் பேர் அவ்வளவு தடவை சீட்டில் இருக்காது என்பதை கேல் குத்திக் காட்டுகிறான். மற்ற நாட்களில் காட்டுக்குள் போய்க் கத்துவான்: பசிக்கிறவனுக்கும் கடைக்காரன் மகனுக்கும் நடுவே பகை வளரட்டும் என்றுதான் இப்படி ஒரு ஏற்பாட்டையே வைத்திருக்கிறார்கள், நாம் ஒன்று சேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் அதன் வேலை. காட்னிஸுக்கும் அது தெரியும். ஆனால் காட்டில் கத்தி என்ன ஆகும் என்று நினைக்கிறாள். வயிறு நிறையாதே!

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு 2015 செப்டம்பர் ஞாபகம் வரும். போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். கொழுந்து எடுக்கிற பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்குத் தினக்கூலி 232 ரூபாய். ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷம் தங்கள் பேரில் பேசிய சங்கத் தலைவர்களையே பக்கத்தில் விடவில்லை. பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பேர் வந்தது. போனஸ் கிடைத்தது, அடுத்த மாதம் கூலி 301 ஆனது. அவர்கள் கேட்டது 500.

நான் சொல்ல வருவது, அந்த ஒன்பது நாளில் ஒரு எஸ்டேட் பெண்ணும் இன்னொரு எஸ்டேட் பெண்ணும் முதல் தடவையாக ஒரே தார்ச்சாலையில் உட்கார்ந்து சம்பளச் சீட்டை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். என் மாணவி ஒருத்தியின் பாட்டி சொன்னது இது: “எங்க மலைக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சிருந்தோம் டீச்சர்.” அதனால் சண்டை மேஜையிலேயே முடிந்துவிடுகிறது என்று லயத்துப்பிள்ளை சொல்வதை நான் பாதிதான் ஏற்கிறேன். பக்கத்து மாவட்டத்துக்காரர் யாரென்று தெரிகிற நிமிஷத்தில் அது மறுபடி ஆரம்பிக்கிறது. கதையில் அது ரூ செத்த பிறகு நடக்கிறது. காட்னிஸ் அந்தக் குழந்தையின் உடம்பைப் பூவால் மூடுகிறாள். பதினோராம் மாவட்டத்து ஏழைகள் தங்கள் காசைச் சேர்த்து அவளுக்கு ஒரு ரொட்டி அனுப்புகிறார்கள். ஒரு மாவட்டம் இன்னொரு மாவட்டத்துப் பிள்ளைக்கு அனுப்பியது அதற்கு முன் கிடையாது. என்னைக் கேட்டால் மொத்தப் புத்தகத்திலும் பெரிய சம்பவம் அந்த ரொட்டிதான். பானெம் என்ற பேரே லத்தீனில் ரொட்டி.

நகரித்தறி

டீச்சர் சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஆந்திரா நகரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழ் எழுத்து டீக்கடைப் பேப்பரில் படித்துக் கற்றுக்கொண்டது, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே தெருவுக்குத் தெரு விசைத்தறி. நான் எட்டாம் மாவட்டத்துக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள், கதையில் அதுதான் துணி நெய்கிற ஊர். இரண்டாம் புத்தகத்தில் அங்கிருந்து தப்பி வந்த இரண்டு பெண்களைக் காட்னிஸ் காட்டில் பார்க்கிறாள். கலகம் எப்படித் தொடங்கியது என்று அவர்கள் சொல்கிறார்கள். மெஷின் சத்தத்தில்தான். அந்த இரைச்சலில் காதோடு காதாகச் சொன்னால் யாருக்கும் கேட்காது, அப்படியே சேதி ஆலைக்குள் பரவியது.

இதை எழுதியவர் தறிக்கூடத்துக்குள் வந்து நின்றிருப்பார் போல என்று நினைத்தேன். பத்துத் தறி ஓடும் கூடத்தில் நாங்கள் வாய் பேசுவதில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். கையை இப்படி மடக்கினால் நூல் அறுந்தது, தலையைத் தட்டினால் முதலாளி வருகிறார். என் அப்பாவுக்கு இப்போது ஒரு காது கேட்காது. ஆனால் தெருமுனையில் நிற்கிறவர் பேசுவதை உதட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார். இத்தனை வருஷம் அந்த இரைச்சலை நான் சாபம் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள் ரகசியமும் பேசலாம் என்று ஒரு கதையில் படித்தபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போடிமெட்டு

நகரித் தம்பி, உங்கள் தமிழில் ஒரு குறையும் இல்லை. நிறைய எழுதுங்கள்.

டீச்சர் சொன்ன ரொட்டியை நான் மறந்தே போயிருந்தேன். இப்போது யோசித்தால் காட்னிஸ் பிழைத்த ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் எதையோ கொடுத்திருக்கிறார். சின்ன வயசில் பசியில் சுருண்டு கிடந்தபோது அவள் ஊர் ரொட்டிக்கடைப் பையன் பீட்டா வேண்டுமென்றே கருக்கிய ரொட்டியைத் தூக்கிப் போட்டது, ரூ மரத்துக்கு மேலே இருந்த குளவிக் கூட்டைக் கை காட்டியது, ரூவுக்குச் செய்ததற்காக ரூவின் மாவட்டத்துப் பையன் த்ரெஷ் அவளைக் கொல்லாமல் விட்டது. 11 மதிப்பெண்ணை வைத்து நான் பேசியது போதாது என்று தோன்றுகிறது.

இன்னொன்று. காட்னிஸை அனுப்பும்போது ஊர் கைதட்டாமல் மூன்று விரலை உதட்டில் வைத்து நீட்டும் அல்லவா? 2014இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஜனங்கள் அதே மூன்று விரலைத்தான் தெருவில் நின்று காட்டினார்கள். அதற்காகக் கைதும் செய்தார்கள். கதை, கதையாக மட்டும் நிற்கவில்லை.

லயத்துப்பிள்ளை

கொஞ்ச நாள் எழுத முடியவில்லை. புது வேலையில் சேர்ந்துவிட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமை பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போய் இரண்டாம் புத்தகம் வாசிக்கிறேன்.

டீச்சர், நீங்கள் 2015 பற்றி எழுதியதை அடுப்படியில் வாசித்துக் காட்டினேன். அங்கே இருந்தவர்களில் நாலு பேர் அந்த ரோட்டில் உட்கார்ந்தவர்கள். “டீச்சருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு” என்று ஒரு சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நாட்களைப் பற்றி இவ்வளவு காலம் என்னிடம் சொல்லாததையெல்லாம் அன்று சொன்னார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கடைக்காரர்களே கொண்டுவந்து கொடுத்தார்களாம். கேல் சொல்லுகிற பகை அங்கே அன்றைக்கு இல்லை. ஆகையால் நான் ஆரம்பத்தில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். பேர் எழுதிக் கொடுக்கிற மேஜையில் சண்டை முடிவதில்லை, ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தோற்கிற இடம் அது.

தனித்தனி என்பதை எங்கள் மலை நன்றாகவே காட்டியிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்தது. 70 பேர் போனார்கள். கரண்டும் இல்லை, போன் சிக்னலும் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. கதையில் பன்னிரண்டாம் மாவட்டத்துக்கு மின்வேலி போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு வேலியே வேண்டாம், ஒரு ராத்திரி மழை போதும்.

அக்காக்கள் காட்னிஸுக்குக் ‘கிழங்குக்காரி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். காட்னிஸ் என்பது தண்ணீரில் வளரும் ஒரு கிழங்குச் செடியின் பேர். உன்னை நீ கண்டுபிடிக்க முடிகிறவரை பட்டினி கிடக்க மாட்டாய் என்று அவள் அப்பா சொல்லியிருப்பார். இந்த வரியைச் சொன்னதும் எல்லாரும் அவரவர் கிழங்குக் கதையை எடுத்துவிட்டார்கள், அன்று அத்தியாயம் பாதியில் நின்றது. லயத்திலேயே மூத்த பாட்டிக்கு வேறு கவலை. ப்ரிமின் ஆட்டை இப்போது யார் கறக்கிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மூன்றாம் புத்தகத்தை இவர்களுக்கு வாசிக்கலாமா? படித்தவர்களுக்குத் தெரியும் நான் ஏன் கேட்கிறேன் என்று.

மறையூர் டீச்சர்

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிவிடுங்கள்.

யாருக்காக அவள் போனாளோ அந்த ப்ரிமே கடைசியில் இறந்துபோகிறாள். காயம்பட்ட பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்க ஓடிவருகிறபோது இரண்டாவது குண்டு வெடிக்கிறது. உதவிக்கு வருகிறவர்களுக்கு என்றே நேரம் வைத்த குண்டு. அப்படி ஒரு பொறியை யோசித்தவன் கேல். போட்டது கேப்பிடல் இல்லை, தன் பக்கத்துக் கலகத் தலைவிதான் என்று காட்னிஸுக்குத் தோன்றுகிறது. அம்பை அந்தத் தலைவி மேலேயே விடுகிறாள்.

நான் வாசிக்கச் சொல்வேன். அவர்களிடம் எதையும் மறைக்க வேண்டியதில்லை. இதைவிடக் கொடியதைப் பார்த்தவர்கள். ஆனால் தங்கச்சியிடம் முதலில் தனியாகப் பேசுங்கள்.

போடிமெட்டு

நான் வேண்டாம் என்பேன். இரண்டாம் புத்தகத்தோடு நிறுத்துங்கள். எல்லாக் கதையையும் முடிக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

நகரித்தறி

எனக்கு அந்த மூன்றாம் புத்தகம்தான் பிடித்தது. ஜெயித்தவள் ராத்திரியில் அலறி எழுகிறாள் என்று எழுதியிருப்பது நிஜம். டீச்சர் சொன்ன மாதிரி தங்கச்சியிடம் கேளுங்கள். அவர் முடிவு செய்யட்டும்.

லயத்துப்பிள்ளை

மூவருக்கும் நன்றி. போன சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். தங்கச்சியிடம் தனியாகப் பேசினேன், புத்தகத்தைப் பற்றி இல்லை. அவள் பேர் கொடுத்த வருஷத்தைப் பற்றி. தபாலில் டிகிரி சேரலாம் என்று நினைக்கிறாளாம், பாரம் வாங்கி வைத்து ஒரு வருஷமாகிறதாம். என்னிடம் சொல்லவே இல்லை. பணம் நான் கட்டுகிறேன் என்றேன். “பாதி நான் கட்டுறேன்” என்றாள்.

ராத்திரி கரண்ட் இருந்தது, ஆனாலும் எல்லாரும் வந்துவிட்டார்கள். இரண்டாம் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை முடித்தேன். பன்னிரண்டாம் மாவட்டமே எரிந்துபோனது, ஆனால் ப்ரிமும் அம்மாவும் தப்பிவிட்டார்கள் என்று சொன்னதும் பாட்டி ஆட்டைப் பற்றிக் கேட்டார். தங்கச்சி என் பையிலிருந்து மூன்றாம் புத்தகத்தை எடுத்து, அட்டையைத் துடைத்து, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல ப்ரிம் இருக்காளாண்ணா?”

“இருக்கா” என்றேன்.

முதல் பக்கத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினாள்.